பண்டத்தரிப்பிலிருந்து காங்கேசன்துறை வரை: ஒரு கல்லின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் எவை என வினவின், நல்லூரின் மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வளைவு, யாழ்ப்பாணக் கோட்டை, கந்தரோடைத் தூபிகள் ஆகியனவே எவர்க்கும் முதலில் நினைவுக்கு வரும். இவையாவும் அரசும் சமயமும் எழுப்பிய கட்டடங்களாம். மக்கள் கூலிக்கு உழைத்த இடங்களையும், பொருள்கள் உற்பத்தியான கூடங்களையும் வரலாற்றுச் சின்னங்கள் எனக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. மேலைநாடுகளில் கைத்தொழில் மரபுரிமை என்பது தனியொரு ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது. பழைய ஆலைகள் நிறைந்த நகர்ப்பகுதிகளிற் கட்டடங்களைப் பார்த்தவாறே நடந்து செல்லும் வரலாற்று நடைப்பயணங்களும் அங்கே வழக்கமாகிவிட்டன. அத்தகைய நடைப்பயணம் ஒன்று வலிகாமத்திற் சாத்தியமா, சாத்தியமாயின் அது எமக்கு எதனைக் கற்பிக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கென நாம் எடுத்துக்கொண்ட வழி பண்டத்தரிப்பிலே தொடங்கி, இளவாலை, கீரிமலை ஆகிய ஊர்களினூடாகக் காங்கேசன்துறையில் முடிவடைவது. ஒரு பகற்பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தூரமே இது. இவ்வழியிற் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத் தேவாலயத் தலமும், அமெரிக்க மிஷனரிமாரின் மருத்துவப் பணி நிகழ்ந்த இடமும், பழைய சிவத்தலமும், புகையிரத நிலையமும், துறைமுகமும், சீமெந்துத் தொழிற்சாலையும் அடங்கும். வேறுபட்ட காலங்களுக்குரிய இவற்றையெல்லாம் ஒரு சரட்டிற் கோக்கும் பொருள் ஒன்று உளது. அதுவே இக்குடாநாட்டின் நிலத்தடியிற் கிடக்கும் சுண்ணாம்புக்கல்.

நிலமும் கல்லும்

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் படைமீது அமைந்தது. ஆண்டு முழுவதும் பாயும் ஆறு எதுவும் இங்கு இல்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியிற் கடல்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அந்நீரைக் கிணறு தோண்டி எடுத்தே குடாநாட்டு மக்கள் குடித்தனர், தோட்டஞ் செய்தனர். கிணறு வெட்டும்பொழுதும், செம்மண் நிலத்தைப் பண்படுத்தும்பொழுதும் வெளிப்பட்ட கற்களைக் கொண்டே வேலியோரத்து மதில்களையும் வீட்டுச் சுவர்களையும் எழுப்பினர். ஆகவே, இக்கல் இப்பகுதி மக்களுக்கு நீர்த்தொட்டியாகவும், கட்டடப் பொருளாகவும் ஒருங்கே பயன்பட்டதெனலாம். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

கல்லைச் சுவராக அடுக்கினால் மட்டும் போதாது; அதனைப் பிணைக்கும் சாந்து வேண்டும். அச்சாந்தும் இதே கல்லிலிருந்தே பெறப்பட்டது. சுண்ணாம்புக்கல்லையோ, முருகைக்கல்லையோ, சிப்பியையோ சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதனை நீரூற்றி நீற்றி, மணலுடன் கலந்து பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி அது மீண்டும் கல்லாக இறுகும். தமிழர் வாழ் நிலங்களில் இச்சாந்துடன் கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்க்கும் வழக்கமும் இருந்தது. கூரைக்குப் பனைமரத்து வளைகளும் கைமரங்களும் சிலாகைகளும் கைகொடுத்தன. கல், சுண்ணாம்பு, பனை ஆகிய மூன்றும் அயலிலேயே கிடைத்தமையால், யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலை நெடுங்காலம் தன் நிலத்தையே நம்பி வளர்ந்தது.

பண்டத்தரிப்பு: தேவாலயமும் மருத்துவப் பணியும்

பண்டத்தரிப்பு என்னும் பெயரைப் பண்டம், தரிப்பு எனப் பிரித்து, வணிகப் பொருள்கள் தரித்துச் சென்ற இடம் என ஊரவர் பொருள் கூறுவர். வடக்கே மாதகற் கரையும் அதனருகே சம்பில்துறை என்னும் பழந்துறையும் இருப்பதால் இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. சம்பில்துறையே பாளி நூல்கள் கூறும் சம்புகோளத் துறை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. பெயர்க்காரணம் எவ்வாறாயினும், கடற்கரைக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தரிப்பிடமாக இவ்வூர் விளங்கியமை அதன் அமைவிடத்தால் விளங்கும்.

1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின், குடாநாட்டைக் கோவிற்பற்றுகளாகப் பிரித்துத் தேவாலயங்களை அமைத்தனர். பண்டத்தரிப்பும் அத்தகைய கோவிற்பற்றுகளுள் ஒன்றாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் அத்தேவாலயங்கள் புரட்டஸ்தாந்த வழிபாட்டுக்குரியனவாக மாறின. அக்காலத்தில் இங்கு பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார், 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட தமது நூலிற் பண்டத்தரிப்புத் தேவாலயத்தையும் குறிப்பிட்டுள்ளார். இவ்வாறு 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகமான யாழ்ப்பாணத்து ஊர்களுள் பண்டத்தரிப்பும் ஒன்றாகும்.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் காலத் தேவாலயங்கள் பல பராமரிப்பின்றிக் கூரையிழந்து கிடந்தன. 1816இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் இப்பழைய தேவாலயங்களையும் அவற்றைச் சார்ந்த மனைகளையுமே தமது பணிநிலையங்களாக்கினர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை ஆகியவற்றின் பின், 1820இல் உடுவிலும் பண்டத்தரிப்பும் நிலையங்களாயின. பண்டத்தரிப்பில் வந்தமர்ந்தவர் மருத்துவர் ஜோன் ஸ்கடர். அமெரிக்காவிலிருந்து பிறநாட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் மருத்துவ மிஷனரி எனப் போற்றப்படுபவர் அவர். இங்கு அவர் நோயாளருக்குச் சிகிச்சை அளித்து, மருத்துவப் பணியை நடத்தினார். 1836இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய பேர்த்தியாகிய ஐடா ஸ்கடரே வேலூரின் புகழ்பெற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். வேலூரில் விருட்சமாகிய அப்பணியின் வித்து பண்டத்தரிப்பில் ஊன்றப்பட்டது எனக் கூறின் அது மிகையாகாது.

கட்டடக்கலை நோக்கில் இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், இவ்வூரில் ஆட்சியும் சமயப்பிரிவும் மாறிய ஒவ்வொரு வேளையிலும் பழைய கட்டடம் அழிக்கப்பட்டுப் புதியது எழுப்பப்படவில்லை. கத்தோலிக்கர் எழுப்பியதை ஒல்லாந்தர் பயன்படுத்தினர். ஒல்லாந்தர் விட்டுச்சென்றதை அமெரிக்கர் பழுதுபார்த்தனர். சுவர் நின்றது, கூரை புதிதாயிற்று, பயன் மாறியது. வழிபாட்டிடத்தின் அருகிலேயே மருத்துவம் நிகழ்ந்தது. பழையதைப் புதிய தேவைக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்தும் முறையை இன்று மரபுரிமைக் காப்பாளர் பெரிதும் வலியுறுத்துவர். அம்முறையை இவ்வூர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கிறது.

இடைவழி

பண்டத்தரிப்பிலிருந்து வடகிழக்காகச் செல்வோர் இளவாலையை அடைவர். கத்தோலிக்க சமயம் ஆழ வேரூன்றிய ஊர்களுள் இதுவும் ஒன்று. புனித ஹென்றியரசர் கல்லூரி இங்கேயே உளது. அதனைக் கடந்து கரையை அண்மினாற் கீரிமலை. நகுலேஸ்வரம் எனப்படும் சிவாலயம் போர்த்துக்கேயராற் சிதைக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்தது. அப்புனருத்தாரணத்துக்குத் தூண்டுகோலாயிருந்தவர் ஆறுமுக நாவலர். 1990இல் இக்கோயில் குண்டுவீச்சுக்கு உள்ளாகிப் பெருஞ்சேதமடைந்தது. போரின் பின்னர் மீளக் கட்டப்பட்டது.

கீரிமலைக் கேணி கடலலை மோதும் எல்லையிலேயே அமைந்தும் நன்னீரைத் தருவது. பக்தர்களுக்கு அது தீர்த்தம். நிலவியலாளருக்கோ அது சுண்ணாம்புக்கற் படையின் இயல்பை விளக்கும் சான்று. உள்நாட்டிற் பெய்த மழை, கல்லின் வெடிப்புகளினூடே பயணஞ் செய்து, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. கல்லின் உள்ளே ஓடும் இந்நீரோட்டத்தை மனத்திற்கொண்டே அடுத்து வரும் தொழிற்சாலையை நாம் நோக்குதல் வேண்டும்.

காங்கேசன்துறை: துறைமுகம், புகையிரதம், சீமெந்து

காங்கேசன்துறை என்னும் பெயர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுடன் தொடர்புடையது. அக்கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் இத்துறையில் வந்திறங்கியமையால் இப்பெயர் ஏற்பட்டது என்பது ஐதிகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிரதம் இவ்வூரை நவீன உலகுடன் இணைத்தது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டிகள் ஓடத் தொடங்கின. 1905இல் பாதை தெற்குடன் இணைக்கப்பட்டு, கொழும்பிலிருந்து நேரே வருதல் சாத்தியமாயிற்று. துறைமுகமும் புகையிரதப் பாதையின் முடிவிடமும் நல்ல சுண்ணாம்புக்கல்லும் ஓரிடத்தே அமைந்தமை, பிற்காலத்தில் அவ்விடம் கைத்தொழிற் பிரதேசமாவதற்குப் போதிய காரணமாயிற்று.

இலங்கை 1948இற் சுதந்திரம் பெற்றபின் அரசு பல கைத்தொழில்களைத் தானே தொடங்கி நடத்த முற்பட்டது. அப்போது கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. வாழைச்சேனைக் காகித ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அக்காலக் கொள்கையின் விளைவாக எழுந்தவையே.

சீமெந்து செய்யும் முறை பழைய சுண்ணாம்புச் சூளையின் நீட்சி என்றே கூறலாம். சுண்ணாம்புக்கல்லுடன் களிமண்ணைக் கலந்து அரைத்து, சுழலும் உருளைச் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வரை சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டிகள் உருவாகும். அவற்றைச் சிறிதளவு ஜிப்சத்துடன் சேர்த்து மாவாக அரைத்தால் அதுவே சீமெந்து. இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் என்னும் கொத்தனார் 1824இல் இதன் முன்னோடி வடிவத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஸ்கடர் பண்டத்தரிப்பிற் சுண்ணாம்புச் சுவர்களுக்கிடையே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த காலமே அதுவாகும்.

காங்கேசன்துறை ஆலைக்கு வேண்டிய கல் அருகிலேயே அகழப்பட்டது. களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து புகையிரதத்திற் கொண்டுவரப்பட்டது. காலியில் அமைந்த ருகுணுச் சீமெந்து ஆலை, காங்கேசன்துறையின் கிளிங்கரையே பெற்று அரைத்தது. வடமுனையின் கல் தென்முனையிற் சீமெந்தாகிய இச்செய்தி, இலங்கையின் பொருளாதார வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது. இனங்களுக்கிடையே பிளவு வளர்ந்த அதே தசாப்தங்களில், ஒரே உற்பத்திச் சங்கிலி நாட்டின் இரு முனைகளையும் பிணைத்து நின்றது.

ஓர் ஆலை உருவாகும்போது இயந்திரங்களுடன் ஒரு சமூகமும் உருவாகின்றது. விவசாயத்தையும் அரசாங்க உத்தியோகத்தையுமே வாழ்வின் இரு வழிகளாகக் கண்ட வலிகாமத்து இளைஞருக்கு, மூன்றாவது வழியொன்றை இந்த ஆலை காட்டிற்று. பொருத்துநர், மின்வினைஞர், இரசாயனப் பகுப்பாளர், பாரந்தூக்கி இயக்குநர் என்றெல்லாம் புதிய தொழிற்பெயர்கள் வீட்டுப் பேச்சிற் புகுந்தன. முறைமாற்று வேலையும் மாதச் சம்பளமும் ஊரின் அன்றாட ஒழுங்கையே மாற்றின. கல்வீடு கட்டும் முறையும் மாறிற்று. சுண்ணாம்புச் சூளைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனாரின் தொகை குறைந்தது. சீமெந்துக் கல்லும் சீமெந்துப் பூச்சும் எங்கும் பரவின.

இழப்பின் இரு முகங்கள்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டது. தொழிற்சாலையின் இயக்கம் நின்றது. புகையிரதப் போக்குவரத்தும் அவ்வாண்டிலேயே தடைப்பட்டது. வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறையும் அயலும் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1995இற் போர் பண்டத்தரிப்பையும் வந்தடைந்தது. 2009இற் போர் முடிவுற்றபின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கிற்று. துறைமுகமும் புகையிரதமும் மீண்டன. ஆலையின் புகைபோக்கியிற் புகை மீளவில்லை.

ஆலையின் வரலாற்றைப் புகழ்ந்துரைப்பதோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. பல்லாண்டுகள் கல்லகழ்ந்தமையாற் பெருங்குழிகள் உண்டாயின; அவற்றில் நீர் தேங்கி நிற்கின்றது. நன்னீரைத் தாங்கும் படையே அகழப்படும்போது, கடல்நீர் உட்புகும் அபாயம் மிகும். கிணற்றையன்றி வேறு நீரில்லாத நாட்டில் இது சிறிய கேள்வியன்று. கைத்தொழிலைப் புதுப்பிக்கும் யோசனைகள் பேசப்படும்போதெல்லாம் இக்கேள்வியும் உடன் எழுகின்றது, எழவும் வேண்டும். காங்கேசன்துறையின் கற்குழிகளை ஒரு சின்னமாகப் பாதுகாத்து, அவை உண்டான வரலாற்றைப் பார்ப்போர்க்கு விளக்கினால், அவை வருங்காலத் தலைமுறைக்குச் சிறந்த பாடநூலாகும்.

இழப்பின் மற்றொரு முகம் பண்டத்தரிப்புப் பக்கத்திற் காணத்தக்கது. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, மீண்டும் காற்றில் வெளிவிடும் இயல்புடையது. அதன்மேற் சீமெந்து பூசினால் அவ்வழி அடைபடும். ஈரமும் உப்பும் சுவரினுள்ளே தங்கிக் கல்லை அரிக்கும். பூச்சு பாளம் பாளமாக உதிரும். பழைய தேவாலயங்களையும் கோயில்களையும் மடங்களையும் நல்லெண்ணத்துடன் சீமெந்தாற் பழுதுபார்ப்போர், அவற்றின் ஆயுளைக் குறைத்துவிடுகின்றனர். ஒரே கல்லிலிருந்து பிறந்த இரு பொருள்களுள் இளையது மூத்ததை அழிக்கும் நிலை இது. சுண்ணாம்புச் சாந்து குழைக்கும் கைப்பழக்கம் முற்றாக மறைந்துவிடுமாயின், எஞ்சிய பழங்கட்டடங்களைக் காக்கும் வழியும் அதனுடன் மறைந்துவிடும்.

சட்டமும் சின்னமும்

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழைய சின்னங்களைக் காக்கின்றது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொன்மையானவை என அச்சட்டம் வரையறுக்கின்றது. அதற்குப் பிற்பட்ட கட்டடமாயின் நூறாண்டுகள் கழிந்திருத்தல் வேண்டும். அமைச்சரின் கட்டளையும் வேண்டும். இவ்வளவுகோலால் நமது வழியை அளந்து பார்ப்போம். ஒல்லாந்தர் காலத்துத் தேவாலய எச்சம் முதல் வரையறைக்குள் அடங்கும். அமெரிக்க மிஷன் காலக் கட்டடமும் முதற் புகையிரதக் காலக் கட்டடமும் இரண்டாவது வழியாற் பாதுகாப்புப் பெறலாம். 1950இல் எழுந்த சீமெந்து ஆலையோ 2050 வரை காத்திருத்தல் வேண்டும். அதுவரை அதன் இரும்பும் ஏடும் காத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

பிறநாடுகள் இவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஜெர்மனியின் எசென் நகரிலுள்ள சொல்வரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2003இல் ரஷ்யாவின் நிஷ்னி தகில் நகரில் ஏற்கப்பட்ட கைத்தொழில் மரபுரிமைச் சாசனம், ஆலைக் கட்டடங்களோடு இயந்திரங்களையும் ஆவணங்களையும் தொழிலாளரின் அறிவையும் நினைவுகளையும் மரபுரிமையாகவே கொள்கின்றது. செல்வந்த நாடுகளைப் போன்று பெரும்பணஞ் செலவிட நம்மால் இயலாது. எனினும், அவர்தம் பார்வையைக் கைக்கொள்ளப் பணம் தேவையில்லை.

செய்யத்தக்கன சிலவற்றை மட்டும் இங்கே கூறலாம். முதலாவது, தொழிற்சாலையில் உழைத்தோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தல். 1990இல் முப்பது வயதினராயிருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவருள் பலர் புலம்பெயர்ந்தும் வாழ்கின்றனர். ஆலை தொடங்கிய காலத்திற் பணியில் இணைந்தோரை நேரிற் காண்பது இனி அரிது. இரண்டாவது, எஞ்சியுள்ள கட்டடங்களை அளந்து வரைபடமாக்குதல். அவற்றை நிலைநிறுத்துவதா நீக்குவதா என எவர் தீர்மானித்தாலும், வரைபடமேனும் எஞ்சட்டும். மூன்றாவது, சுண்ணாம்புச் சாந்து வேலையை இளங்கொத்தனாருக்குப் பயிற்றுதல். பல்கலைக்கழக வரலாற்றுத்துறை மாணவரும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் ஒன்றிணைந்தால் இவை மூன்றும் எட்டாக்கனியல்ல.

அரசன் கட்டியதே சின்னம் என்னும் எண்ணம் நீங்குமாயின், பண்டத்தரிப்பிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வழி முழுவதும் ஒரே வரலாற்று ஏடாக விரியும். அவ்வேட்டின் முதற்பக்கத்தில் தேவாலயச் சுவரும் இறுதிப்பக்கத்தில் ஆலைச் சுவரும் உள்ளன. முதற்பக்கத்தை எழுதியவருள் பாதிரிமாரின் பெயர்களேனும் நூல்களில் உள்ளன. இறுதிப்பக்கத்தை எழுதிய தொழிலாளருட் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவரிடம் சென்று கேட்டறிவது இத்தலைமுறை மாணவரின் கடமையாகும்.